மூடி வைத்த சொட்டு

இன்று நம் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு வந்திருப்பவர்கள் பதின்மூன்று பேர். தலைவி வயலட் அக்கா, பொருளாளர் ஞானசெல்வி, முன் பாயில் ஐந்து பேர், பின் பாயில் நான்கு பேர், வாசலோரம் புதிதாகச் சேர்ந்த ரெஜிலா, அதோடு செயலாளர் நான். வருகை நோட்டில் எழுதியாயிற்று. வசனத்துக்குப் போகுமுன் ஒரு சின்னக் கதை சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே. கை முறுக்கு ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

என் தம்பி மகள் பெனிலா சென்னையில் ஆராய்ச்சி படிக்கிறாள். என்ன ஆராய்ச்சி? ஒரு தகட்டில் வரிசையாகக் குழிகள். கண்ணுக்குத் தெரியாத குழிகள்! தலைமுடியின் பருமனை எண்ணூறு பங்கு போட்டால் ஒரு பங்கு... அவ்வளவுதான் ஒரு குழி. குழிக்கு ஒரு தங்கத் துகளை உட்கார வைக்க வேண்டும். எந்த விரலால்? எந்த இடுக்கியால்?

தண்ணீரால்! துகள் கலந்த ஒரு சொட்டைத் தகட்டின்மேல் வைத்து, தகட்டை மெல்ல... மெல்ல நகர்த்துவார்கள். சொட்டின் ஓரம் பின்வாங்கும். பின்வாங்குகிற அந்த ஓரமே துகளைக் குழிக்குள் அழுத்தி வைத்துவிட்டுப் போகும்.

ஆனால் பெனிலாவுக்கு? ஆறு தகடு, ஆறும் காலி. மூன்று வாரத்தில் ஆராய்ச்சியை மதிப்பிடும் குழுவிடம் காட்டாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், வீட்டுக்கு வரவேண்டியதுதான். போனில் அழுகை. கடைசியில் அவளுடைய பேராசிரியரே வந்து பார்த்தாராம்.

"என்னம்மா இது, டப்பா போட்டு மூடி, உள்ளே ஈரப்பஞ்சு வேற? அடைகாக்கிறியா?"

"சொட்டு காய்ஞ்சிரக் கூடாதுன்னுதான் சார்..."

"காயணும்மா! ஓரம் காய்ஞ்சாத்தான் துகளெல்லாம் ஓரத்துக்கு ஓடி வரும். நீ காயவே விடலையே, அது நடுவிலேயே மிதந்துக்கிட்டுக் கிடக்கு. யார் இந்த யோசனை சொன்னது?"

"எங்க அத்தை சார்."

"அத்தையா? எந்த லேப்?"

"அடுப்பங்கரை சார்."

சிரியுங்கள், சிரியுங்கள். நான்தான் சொன்னேன். "பிசைஞ்ச மாவை ஈரத்துணி போட்டு மூடுற மாதிரி மூடு மக்களே, நான் ஜெபிக்கேன்" என்றேன். மூன்று நாள் உபவாசமும் இருந்தேன். கர்த்தர் பதில் கொடுத்தார்... 'மூடியை எடு' என்று!

எடுத்தாள். உடனே அவசரம், தகட்டை வேகமாக இழுத்தாள். அதுவும் காலி. எட்டாவது தகட்டைத்தான் மெதுவாக நகர்த்தினாள். "அத்தே, நூறு குழி பார்த்தேன், தொண்ணூத்தி ஒண்ணுல துகள் உட்கார்ந்திருக்கு!" உதவித்தொகை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீண்டது.

இதில் நமக்கு என்ன? ஏன் எல்லாரும் வயலட் அக்காவைப் பார்க்கிறீர்கள்? அவர்கள் பாவம். இங்கே பாருங்கள்... என்னைப் பாருங்கள்.

நேற்று பழைய நோட்டுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது வருடம், நானூற்றுப் பன்னிரண்டு கூட்டம். ஆரம்ப ஜெபம் செய்தது யார்? நான். வேதபாடம் எடுத்தது யார்? நான். போன வாரம் ரெஜிலா வாயைத் திறந்தாள். "நீ இரு மக்களே, நான் சொல்லுதேன்" என்று முந்திக்கொண்டது யார்? நானேதான்! ஊழியம் காய்ந்துவிடுமே என்ற அக்கறையாம். அந்த அக்கறையில் பன்னிரண்டு பேரையும் மிதக்க விட்டிருக்கிறேன். கேட்டால், 'யாரும் முன்வருவதில்லை' என்று ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் என் கையாலேயே எழுதியும் வைத்திருக்கிறேன்.

இன்றே எழுந்து போகமாட்டேன்; அது வேகமாக இழுத்த தகடு. ஒவ்வொரு வாரமும் ஒரு பாய் பின்னால் நகர்கிறேன். அடுத்த வியாழன் ஆரம்ப ஜெபம் ரெஜிலா செய்யட்டும். வேதபாடம் யார் எடுப்பது? ஞானசெல்வி, உன்னையும்தான் கேட்கிறேன். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லிவிடுங்கள்.