அரிசி எங்களுக்கு ஒத்துக்காது

...அதத்தான் தம்பி சொல்ல வாரேன், சோறுங்கிற பேச்சையே இந்த வீட்டுல எடுக்கிறதில்ல! உக்காருங்க, உக்காருங்க. சரியா உச்சிப்பொழுதுக்கு வந்து நிக்கிறீங்களே! எங்க வீட்டுக்காரரு ஒறவுமொறைக்கெல்லாம் இந்த ஒரு நேரந்தான் தெரியும்போல. நீங்க அவரு சின்னம்மா வழியா, பெரியம்மா வழியா? வேணாம், வாயத் தொறக்காதீங்க, வெயில்ல வந்த தொண்ட. தண்ணி தாரேன். அது ஒண்ணுதான் இன்னும் வெல ஏறல.

வெள்ளக்காரன் சண்ட எங்கயோ நடக்குது, வயிறு இங்க காயுது. பர்மா அரிசி நின்னாலும் நின்னுச்சு, கடக்காரன் சிரிக்கிறதையும் நிப்பாட்டிட்டான். தொவரம்பருப்ப நகையக் காட்டுற மாதிரி காட்டிட்டு உள்ள வச்சுக்கிறான். மொளகா வெலையக் கேட்டதுமே கண்ணுல தண்ணி வந்துருது, வாங்கிக் கிள்ளவே வேணாம்!

ரேஷன் கடையில கோதுமைய அளந்து கையில குடுத்துட்டான். அத என்ன செய்யிறதுன்னு யாரு கண்டா? சோறு மாதிரி வடிச்சேன். காலையில ஏத்தினது, வெளக்கு வைக்கிற வரைக்கும் வேகல. எங்க வீட்டுக்காரரு ஒரு பருக்கையக் கடிச்சாரு, கடவாப்பல்லு ஆடிப்போச்சு. மிச்சத்தக் கோழிக்குப் போட்டேன். கோழி அதப் பாக்குது, என்னையப் பாக்குது, மறுபடி அதப் பாக்குது... அப்பிடியே நடந்து எதுத்த வீட்டு இருளாயி வீட்டுக்குப் போயிருச்சு! ஏதோ கொல்லையில முருங்க நிக்கிதேன்னு காலையில கீர, மத்தியானம் காயி. அதுவும் மொட்டையாப்போச்சு. இனிமே பட்டைய உரிச்சுத்தான் கொழம்பு வைக்கணும்.

என்ன வாசலுக்குக் கையக் காட்டுறீங்க? ஆமா, நானும் பாத்தேன். எவனோ வைக்கோல் வண்டியக் கொண்டாந்து நம்ம வாசல மறிச்சு நிறுத்திட்டுப் போயிருக்கான். வைக்கோலு மறைக்கிற மறைப்புல மாடுகூடத் தெரியல. வரட்டும் அவன், இருக்கு அவனுக்கு!

அடுக்களப் பக்கம் ஏன் எட்டிப் பாக்குறீங்க? வாசமா? அட, அது சோறில்ல தம்பி. வேட்டிக்குப் போட கஞ்சி வைக்கிறேன். அந்தச் சத்தமா? அது பூன. ஏன், பூனைக்கு விக்கல் எடுக்காதா? எங்க வீட்டுப் பூனைக்கு எடுக்கும். ஏங்க, மெல்ல முழுங்குங்க! ...பூனையத்தான் சொன்னேன். மரியாத குடுத்துத்தான் வளக்குறோம்.

எனக்கும் கூடப்பொறந்தவரு ஒருத்தரு இலுப்பூர்ல இருக்காரு, அடைக்கலம்னு பேரு. வயலிருக்கு, நெல்லிருக்கு. அறுப்பு முடிஞ்சதும் அனுப்புறேன் தங்கச்சின்னாரு. வழி பாத்துப் பாத்து கண்ணு பூத்துப்போச்சு! நெல்லுக் குதிரு தொடச்சு வச்ச மாதிரி கெடக்கு. அவரும் என்ன செய்வாரு, நெல்லுன்னு வாய்விட்டுச் சொன்னாலே புடிக்கிறானுக. தெருமுக்குல உக்காந்திருக்கானே சப்ளை ஆபீசு சேவகன், அவனுக்குத் தூங்கும்போதும் காது இங்கிட்டுதான். நம்ம தெரு சோலையப்பன் வண்டியில பர்மிட்டு இல்லாத நெல்லு ஒரு மூட்டையக் கண்டான், மாட்டோட வண்டிய ஓட்டிட்டுப் போயிட்டான்!

எதுக்கு ரகசியம் பேசுற மாதிரி கிட்ட வாரீங்க? நெல்லா? அய்யய்யோ, நெல்லுன்னு ஆரம்பிக்காதீங்க! எங்க ரெண்டு பேருக்கும் அரிசி ஒத்துக்காது தம்பி. வைத்தியரு கண்ணால பாக்கக்கூடாதுன்னுட்டாரு. வாசல்ல கொண்டாந்து எறக்கினாலும் சரி, எங்கண்ணனே அனுப்பினாலும் சரி, அப்பிடியே திருப்பி அனுப்பிருவேன், ஆமா!

என்ன, எந்திரிச்சிட்டீங்க? கெளம்புறீங்களா? அட, ஒரு வா சாப்பிட்டுப் போகச் சொல்லலாம்னு இப்பத்தான் நெனச்சேன்... சரி சரி, போயிட்டு வாங்க. என்னது? 'அடைக்கலம் அண்ணங்கிட்ட அப்பிடியே சொல்லிர்றேன்'ங்கிறீங்களா? எந்த அடைக்கலம்? தம்பி... தம்பி, அந்த வண்டியில ஏன் ஏறுறீங்க? அது எவனோ... வண்டி திரும்புதே... அந்த மாடு... ஒத்தக்கொம்பு! அடி ஆத்தீ, எங்கண்ணன் மாடுல்ல அது!

ஏங்க! அடுக்களைக்குள்ள ஒளிஞ்சது போதும், எச்சிக்கையோட ஓடியாங்க! நீங்க திங்கிறதுதான் வீட்டுல கடைசிப் படி அரிசி, அங்க வைக்கோலுக்கு அடியில மூட்ட மூட்டையாப் போகுது! தம்பீ! நில்லுங்க தம்பீ! அந்த நெல்... அய்யோ, சேவகன் திரும்பிப் பாக்குறானே... வைக்கோலு! அந்த வைக்கோலு எங்களுக்கு வேணும் தம்பீ!

என்னடி இருளாயி சிரிக்கிற? ஆமா, எங்க வீட்டுல மாடு கெடையாது, ஊருக்கே தெரியும்! எங்க வீட்டுக்காரருக்குத்தான்டி! வைத்தியரு அவர இனிமே வைக்கோலுதான் திங்கச் சொல்லியிருக்காரு! தம்பீ... திரும்புங்க தம்பீ... எல போட்டுட்டேன்!