சவேரியாரின் தலை

இந்த அறையின் கூரையைப் பூசியவர் அவசரக்காரர். யன்னல் பக்க மூலையில் பூச்சுப் பலகை இழுத்த தடம் அப்படியே கிடக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்ததும் கண் அங்கேதான் போனது, வேலைப் பழக்கம். இங்கே சுவிசில், ஆராவில் பிறந்தவனுக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கென்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். டொச் மொழியில் எனக்கு வேலையைப் பற்றி நன்றாகக் கதைக்க வரும். ஆனால் மகேஸ்வரன் அண்ணைக்கும் எனக்கும் இடையில் நடந்ததெல்லாம் தமிழில் நடந்தது. தமிழில் சொன்னால்தான் ஒன்றும் விடுபடாது. பக்கத்தில் இருக்கிற இந்தத் தங்கச்சி ரிஷானி ஆறுதலாக மொழிபெயர்க்கட்டும்.

என் பெயர் கோபிசன். சுதை வேலைக்காரன். பள்ளிக்கூடம் முடிந்ததும் பாடனில் ஒரு பூச்சு வேலைக்காரரிடம் தொழில் பழகி, பிறகு பழைய தேவாலயங்களின் சிற்பங்களைத் திருத்தும் வேலைக்கு மாறினேன். மகனுக்கு வங்கியில் வேலை என்று சொல்ல ஆசைப்பட்ட அம்மா, கோவிலில் யாரும் கேட்டால் "அவன் கலைத்துறை" என்று சொல்லிச் சமாளித்துவிடுவா.

அந்தத் தேவாலயம் ஆராவுக்கும் பாடனுக்கும் நடுவில் ஒரு பழைய மடத்துக்குச் சொந்தமானது. பரோக் காலத்துக் கட்டடம். வெளியே இருந்து பார்த்தால் நெல்லுக் களஞ்சியம் மாதிரித்தான் இருக்கும். உள்ளே போனால் மேகம், இறக்கை விரித்த சம்மனசு, பொன்பூச்சு, காற்றில் பறக்கிற துணி, எல்லாமே சுண்ணாம்பும் சலவைக்கல் தூளும். அந்தக் காலத்து ஆட்களுக்குக் கூச்சம் கிடையாது. அழுதால் வாயைத் திறந்து அழுவார்கள், செத்தால் எல்லாரும் பார்க்கச் சாவார்கள். எனக்கு அவர்களை நன்றாகப் பிடிக்கும். இப்போது பாருங்கள், செத்த வீட்டில்கூட ஆட்கள் கோப்பி குடித்துக்கொண்டு மெதுவாகக் கதைக்கிறார்கள்.

அங்கே இடப்பக்கப் பீடத்தில் சவேரியார் சாகிறார். முத்துக்குளித்துறைக் கரையில் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்த அதே சவேரியார்தான். சீனத்துக்குப் போக வள்ளம் பார்த்திருந்து, ஒரு தீவில் காய்ச்சலோடு கிடந்து செத்தவர். பாயில் மல்லாந்த உடம்பு, நெஞ்சைப் பிடித்த கை, கால்விரல்கள்கூட இழுபட்டு நிற்கின்றன. செய்தவன் பெரிய கைகாரன். தலை மட்டும் இல்லை. எப்போதோ கூரை ஒழுகிக் கழுத்து ஊறி விழுந்து நொறுங்கிப்போனது. அது எப்படி இருந்ததென்று காட்ட ஒரு படமும் கிடையாது.

மரபுச்சின்னப் பிரிவிலிருந்து வந்த திருமதி வெஸ்பி, உடைந்த கழுத்தைச் சீராக மழுக்கி அப்படியே விட்டுவிடலாம் என்றார். தெரியாததைச் செய்யக்கூடாது என்பது அவர்களுடைய முறை. நான் மன்றாடினேன். ஒரு தலை செய்கிறேன், கழற்றக்கூடியதாகப் பொருத்துகிறேன், குழு வந்து பார்க்கட்டும், உயிர் இல்லையென்றால் மழுக்கிவிடுவோம் என்றேன். நல்ல மனுசி, ஒத்துக்கொண்டார். முதலில் செய்த தலைகள் சரிவரவில்லை. அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இவர் நித்திரை கொள்கிறார் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. வேலைக்குக் கட்டின சாரத்தைக் கழற்றுவதற்கு முன் குழு இன்னும் ஒரேயொரு முறை வரும். அதற்குள் ஆகாவிட்டால் சவேரியார் காலத்துக்கும் முண்டம்தான்.

மகேஸ்வரன் அண்ணை எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர். அகதியாக வந்த நாள்முதல் உணவகச் சமையலறைகளில் நின்றவர். இருதயம் பழுதானபின் வேலையை விட்டிருந்தார். மனைவி காலமாகிவிட்டா, மகள் ஹரிஷா லோசானில். என் மனைவி லக்சனா வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற தாதி. அண்ணையும் அவளுடைய நோயாளிகளில் ஒருவர். ஒட்டிய கன்னம், ஏறின நெற்றி, எலும்பு தெரிகிற மூக்கு. அந்த முகத்தை நான் படிக்கட்டில் எத்தனையோ தரம் கடந்து போயிருக்கிறேன், மடையன்.

உங்கள் முகத்தைப் பார்த்துச் செய்யட்டோ என்று கேட்டதும் சிரித்தார். "வேதக்காரற்றை சாமிக்கு என்ரை மூஞ்சியோ? தம்பி, சந்நிதி முருகன் கோவிச்சால் நீர்தான் பொறுப்பு" என்றார். மறுநாளே சவரம் செய்து, விபூதி பூசி, நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். எங்காவது போக ஒரு காரணம் கிடைத்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோசம்.

லக்சனாவுக்கு அரைமனம். அவள் அவருடைய இருதய மருந்து ஸ்ப்ரேயை என் கையில் தந்து பழக்கினாள். "நெஞ்சு இறுக்கினால் நாக்குக்குக் கீழ அடிச்சுவிடுங்கோ. நிமித்தி இருத்துங்கோ. குறையேல்லை எண்டால் உடனை 144, அம்புலன்சுக்கு எடுங்கோ. யோசிச்சுக்கொண்டு நிக்கிறேல்லை" என்றாள். ஓம் என்றேன். அவள் எனக்குச் சொல்லவில்லை என்று யாரும் நினைக்கக்கூடாது. அவளுடைய தொழிலுக்கு அதனால் ஒரு சொல் வரக்கூடாது. அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

பட்டறை மடத்தின் பழைய களஞ்சியத்தில், மேல்மாடியில். நீட்டு மர வாங்கில் தலையணை போட்டு அண்ணையைப் படுக்க வைப்பேன். கண்ணை மேலே செருகுங்கோ, வாயைத் திறவுங்கோ என்பேன். மனுசன் பாவம், தன்னால் இயன்றதைச் செய்தார். வைத்தியரிடம் பல்லுக் காட்டப்போன ஆள் மாதிரி இருந்தது. சாவது எப்படியென்று நடித்துக் காட்ட முடியாது. அது அவருடைய பிழை இல்லை.

ஒரு பின்னேரம் படுத்திருந்தபடியே அவருக்கு நெஞ்சு இறுக்கியது. நான் சுதை வழிக்கிற கம்பியை வைத்துவிட்டுத் திரும்பினேன். முகம் மாறியிருந்தது. கன்னம் உள்ளே போய், புருவம் நடுவில் ஏறி, கண் யாரையோ தேடுகிற மாதிரி மேலே போனது. வலி என்றும் சொல்ல முடியாது, வேண்டுதல் என்றும் சொல்ல முடியாது. தேவாலயப் பீடத்தில் கிடக்கிற உடம்பு பொருந்தக்கூடியது அந்த முகத்தில் மட்டும்தான். நான் ஸ்ப்ரேயை எடுத்து அடித்தேன். ஆனால் முதலில் பார்த்தேன். கொஞ்ச நேரம்தான்.

அவர் எழுந்திருந்து தேத்தண்ணி கேட்டார். குடித்துவிட்டு என் கையைப் பிடித்து, "நீர் இல்லாட்டி இண்டைக்கு என்ரை கதை முடிஞ்சிருக்கும் தம்பி" என்றார். எனக்கு உண்மையாகவே நெஞ்சு உருகிவிட்டது. அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பஸ்சுக்குக் கூட்டிப் போனேன். லக்சனாவுக்குச் சொல்லவேண்டாம் என்று அவர்தான் கேட்டார். சொன்னால் அவள் மறித்துவிடுவாள் என்று அவருக்குப் பயம்.

அதற்குப் பிறகு சில ஒழுங்குகள் செய்தேன். நீங்கள் அதைத் திட்டம் என்கிறீர்கள். நான் வேலையைத்தான் திட்டமிட்டேன். சாமான் ஏற்றுகிற லிப்ட் பழுது என்று சொன்னேன். அதனால் அவர் படியில் ஏறவேண்டி வந்தது. ஏறி வந்ததும் ஆறவிடாமல் படுக்கச் சொல்வேன், வெளிச்சம் போய்விடும் என்று காரணம் சொல்வேன். அவருடைய ஜக்கெட்டைத் தூசு படும் என்று கதவோரக் கொழுக்கியில் மாட்டினேன். ஸ்ப்ரே அதன் பைக்குள் இருக்கும். நெஞ்சு இறுக்கும்போது நான் அதுவரை நடந்து போய் வரவேண்டும். நடந்து போனேன், ஒவ்வொரு முறையும் கொண்டுவந்து கொடுத்தேன். வர வரக் கொஞ்சம் மெதுவாக நடந்தேன், அவ்வளவுதான். போகிறபோதும் வருகிறபோதும் முகத்தைப் பார்க்கலாம்.

அவர் ஏன் திரும்பத் திரும்ப வந்தார் என்று கேட்கிறீர்கள். அவரை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேறு யாரும் இல்லை. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுப்பாள். மற்றப்படி நான்தான். அவர் என்னைத் தன் பிள்ளை மாதிரிப் பார்த்தார். நானும் அவரை அப்படித்தான் பார்த்தேன். வலிக்குப் பிறகு அவருடைய முதுகை நான் தடவிவிடுவேன். லக்சனா செய்வதைப் பார்த்துப் பழகினது.

இனிக் கடைசி நாள். மறுநாள் குழு வருகிறது. தலையின் உள்கட்டு முடிந்து, மேல்பூச்சு வைக்கவேண்டும். அந்தக் கலவையைப் பற்றி நீங்கள் விளங்கிக்கொள்ளவேண்டும். சுண்ணாம்பு, சலவைக்கல் தூள், கொஞ்சம் ஜிப்சம், பிந்தி இறுகப் பசைத்தண்ணி. பூசினபின் ஒரு சின்ன அவகாசம்தான் கை சொன்னபடி கேட்கும். இறுகத் தொடங்கினபின் தொட்டால் உதிர்ந்துவிடும். இடையில் விட்டுவிட்டுப் போய்வர முடியாத வேலை. எந்தச் சுதைக்காரனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

அண்ணை படி ஏறி வந்தார். அன்றைக்குக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார், உதடு வெளிறியிருந்தது. நான் அதற்கு முன்னமே கலவையைக் குழைத்து வைத்திருந்தேன். படுக்க வைத்தேன். பூசத் தொடங்கினேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சுறுக்காக நெஞ்சு இறுக்கியது. "தம்பி, அந்த மருந்து" என்றார். ஓம் அண்ணை, இந்தா வாறன் என்றேன். புருவம் செய்துகொண்டிருந்தேன். அவர் திரும்பவும் கேட்டார். வாறன் என்றேன். கண்மடல் செய்தேன். அதன் பிறகு அவருக்குச் சொல் வரவில்லை, கையை மட்டும் நீட்டினார். கையை நான் பார்க்கவில்லை. கை எனக்குத் தேவைப்படவில்லை, சவேரியாருக்குக் கைகள் இருக்கின்றன. கீழுதடு, பிறகு கழுத்து. கழுத்தில் அப்போது நரம்புகள் எழும்பி வந்தன. அதற்கு முந்தி நான் அவற்றைக் கண்டதில்லை. அவற்றைச் செய்யாமல் விட மனம் வரவில்லை.

முடிந்ததும் கை கழுவினேன். சுண்ணாம்புக் கையோடு ஒரு மனிதனின் வாயைத் தொட முடியாது, புண்ணாகிவிடும். துடைத்துக்கொண்டு போய் ஜக்கெட்டிலிருந்து ஸ்ப்ரேயை எடுத்து வந்தேன். அடித்தேன். பிறகு 144 எடுத்தேன். வந்த பொடியள் நல்லவர்கள், நிறையப் பாடுபட்டார்கள். பழைய இருதய நோயாளி என்று வைத்தியர் எழுதினார். ஒருவரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. செத்த வீட்டில் நான்தான் ஓடியோடி எல்லாம் செய்தேன். ஹரிஷா என் காலில் விழாத குறை.

அண்ணை செத்த மறுநாளே வந்த குழு தலையைப் பீடத்தில் பொருத்திப் பார்த்தது. திருமதி வெஸ்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கழற்றவேண்டாம் என்றார்கள்.

திறப்பு விழாவுக்கு லக்சனா சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பூசை முடிந்து சனம் கலைந்தபின் பீடத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். அண்ணையின் முகம் என்று கண்டதும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. கழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பி, "இந்த நரம்பு இப்பிடி எழும்ப எவ்வளவு நேரம் செல்லும் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறியள்" என்றாள். அவ்வளவு சரியாகச் செய்திருக்கிறேன் என்று அவள் பாராட்டுவதாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். அவள் அங்கிருந்து நேரே பொலிசுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். அவளில் எனக்குக் கோபம் இல்லை. தன் வேலையைத் தெரிந்தவள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மகேஸ்வரன் அண்ணையைக் கொன்றது நான்தான். மருந்து இருந்த இடம் எனக்குத் தெரியும், அதை எட்டத்தில் வைத்ததும் நான்தான், கேட்டபோது கொடுக்காததும் நான்தான். மறுக்க ஒன்றும் இல்லை. தண்டனையைக் குறைக்கச் சொல்லியும் கேட்கவில்லை. தலையைக் கழற்றப்போகிறார்களாம், அதை மட்டும் செய்யாமல் பாருங்கள். ஆனால் என்னைக் கல்நெஞ்சன் என்று எழுதாதீர்கள், அது பொய். எனக்கு மனிதர்களில் இரக்கம் உண்டு. இரக்கம் இல்லாதவனால் அப்படி ஒரு முகத்தைச் செய்ய முடியாது.

போன கிழமை ஹரிஷாவை இதே அறையில் என் முன்னால் இருத்தினீர்கள். அவள் என்னைத் திட்டவில்லை. "அப்பா கடைசியா ஏதும் சொன்னவரோ?" என்று மட்டும் கேட்டாள். பிள்ளை நோகக்கூடாதென்று, இல்லை, நித்திரை மாதிரித்தான் போனவர் என்று சொன்னேன். அவள் அதை நம்பவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு வாய் கோணி, கன்னம் நடுங்கி, சத்தமே இல்லாமல் அழத் தொடங்கினாள். யன்னல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுந்தது. ஒரு மனிதர் அப்படி அழுவதை நான் எந்தப் பீடத்திலும் கண்டதில்லை. உங்கள் உத்தியோகத்தர் இரக்கப்பட்டு உடனே ஒரு கடதாசிக் கைக்குட்டையை நீட்டினார், அவள் அதை வாங்கி முகத்தை மூடிக்கொண்டாள். அதை அவர் கொஞ்சம் பிந்திக் கொடுத்திருக்கலாம்.