முத்துவீரன் பொட்டு வைத்த மெஷின்

வீட்டில் வைத்து மரவேலை செய்ய ஒரு சின்ன பேண்ட்சோ வாங்குகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கக் கூடாது, சக்கரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ரிப்பன் மாதிரி ஓடும், மரம் அறுக்கிற ஒரு வாள். அவ்வளவுதான் மெஷின். வார்ப்பிரும்புச் சக்கரம் தட்டினால் கணீரென்னும். தகரம் பொத்தென்று அடங்கிவிடும், அதில் பலாப் பலகையைக் கொடுத்தால் வாள் கோணிக்கொண்டு போகும். கையில் காசு குறைவென்றால் புதுசுக்குப் போகாமல், மோட்டார் போன பழைய மெஷினாகப் பார்த்து வாங்கி வேறு மோட்டார் பூட்டிக்கொள்வது நல்லது.

இந்தப் புத்தி என்னுடையதல்ல. முத்துவீரன் சொன்னது.

எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே லயம், அந்த வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பரா. பகலில் தோட்டத்து வேலை, அந்தியில் கட்டில், முக்காலி, அலமாரி. கைவாள் இழுத்து இழுத்து எனக்கு வலது தோள் போய்விட்டது. அவனுக்கும் அப்படித்தான், ஆனால் அப்போது நான் என் தோளை மட்டும்தான் நினைத்தேன். யாரிடம் மெஷின் இருக்கிறதோ அவனிடம்தான் வேலை போகும். ஒரு தோட்டத்தில் இரண்டு மெஷினுக்கு வேலை கிடையாது.

வடக்கில் புலிகளோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம், இரண்டாயிரத்து ஏழு. தமிழன் வீட்டில் ஒரு துண்டு வயர் கிடந்தாலும் குண்டுக்கு என்று சந்தேகப்படுவார்கள். மாத்தளை டவுனில் மக்கீன் நானாவின் பழைய சாமான் கடைக்கு அப்படியொரு மெஷின் வந்தது. மேசை மேல் வைக்கிற அளவு. மோட்டார் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

"என்ன நானா, நீங்க எப்ப இருந்து ஆயுத பூசை கும்புடுறீங்க?"

"போங்க இருளாண்டி. பூசையன்னைக்கு விடியக்காலையே முத்துவீரன் வந்து வச்சிட்டுப் போனான். காசு பொறகு தாறேன்னான். எங்க வாப்பா கடைக்கு வந்தா நான் என்னத்த செல்ற?"

"நான் இப்பவே காசு தாறேன்."

"பொட்டு வச்ச பொண்ண வேற மாப்பிளைக்குக் குடுக்கச் செல்றீங்களா? அவன் வரல்லன்னா ஒங்களுக்குத்தான்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எங்கள் ஆட்களிடம் இது சின்ன விஷயமல்ல. ஆயுத பூசைக்குத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியானாலும் மண்வெட்டியானாலும் பொட்டு வைத்தவனுக்குத்தான் அது. மற்றவன் கை வைக்க மாட்டான். நானும் பொட்டில் கை வைக்கவில்லை. சக்கரத்தை மட்டும் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது.

பிறகு கொஞ்ச நாளில் லயத்தைச் சோதிக்க ஆமிக்காரர்கள் வந்தார்கள். நாலந்தா பக்கம் சிங்கள ஆட்களோடு ஒரு மரஆலையில் பல வருஷம் இருந்தவன் நான், சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். யார் வந்தாலும் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதிகாரி மரியாதையான மனிதர். சந்தேகப்படும்படி யாரிடமாவது ஏதாவது உண்டா என்று கேட்டார். முத்துவீரன் காம்பராவில் கட்டிலுக்கடியில் மோட்டார் இருக்கிறது, வயர் இருக்கிறது, சுவிட்ச் இருக்கிறது என்றேன். பொய்யில்லை. தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பிலிருந்து கழித்துப் போட்ட மோட்டார் அது. அதற்கு அவன் புதுக் கம்பி சுற்றியபோது பக்கத்தில் உட்கார்ந்து சுருளைப் பிடித்துக்கொடுத்தவன் நான்.

எதற்கு வைத்திருக்கிறான் என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

மலையில் வேலையில் நின்றவனை அங்கிருந்தே கூட்டிப்போனார்கள். கொஞ்ச நாள் வைத்திருந்து விட்டுவிடுவார்கள், அதற்குள் மெஷின் என் வீட்டுக்கு வந்துவிடும், அவன் வந்து சண்டை பிடித்தால் பிடிக்கட்டும் என்று நினைத்தேன். மெஷின் வந்தது. மக்கீன் நானா பொட்டை அழிக்க மாட்டேன் என்றுவிட்டார். நான்தான் சட்டை நுனியால் துடைத்தேன். முத்துவீரன் வரவில்லை. எந்த முகாமில் கேட்டாலும் அப்படியொரு பெயரே இல்லை என்றார்கள்.

இதுவரைக்கும் கேட்டவர்கள், ஒரு வார்த்தைதானே, வாய் தவறியிருக்கும் என்பார்கள். அப்படி நினைக்க வேண்டாம். மெஷின் என் கைக்கு வருவதற்கு முன்னால் வேலம்மா என்னிடம் வந்தாள். முத்துவீரன் பெண்சாதி.

"அண்ணே, எனக்கு சிங்களம் வராது. நீங்க வந்து அந்த மோட்டரு எதுக்குன்னு மட்டும் சொல்லிக்குடுங்க. கம்பி சுத்தயில கூட இருந்தது நீங்கதானே."

போனேன். முகாம் வாசலுக்கு அதே அதிகாரி வந்தார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயா, அது மரம் அறுக்கிற மெஷினுக்குங்க. மாத்தளையில மக்கீன் நானா கடையில இருக்குங்க. போய்ப் பாருங்க, இவரு வச்ச பொட்டுகூட அதுல இருக்குங்க."

அதை அப்படியே நான் சிங்களத்தில் சொல்லியிருந்தால் கடைக்கு ஒரு ஜீப் போயிருக்கும். அன்று தெரியாது என்றவனுக்கு இன்று எப்படித் தெரிந்தது என்று என்னையும் உள்ளே இழுத்திருப்பார்கள். அந்தப் பயத்தில்தான் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கடையின் பெயர் அவள் வாயில் வந்தபோது எனக்குள் வந்தது பயமில்லை. மெஷின் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்ற நினைப்புதான்.

"எதற்கென்று இவளுக்கும் தெரியாதாம்" என்றேன்.

"மெஷின், மாத்தளை என்று என்னவோ சொல்கிறாளே?"

"மாத்தளையில் யாரோ மெஷின் ஒன்றுக்குக் கேட்டார்களாம். யாரென்று புருஷன் சொல்லவில்லையாம்."

அதிகாரி அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அவளும் நம்பிக்கையோடு தலையாட்டினாள்.

"எல்லாம் சொல்லிட்டீங்களாண்ணே?"

"சொல்லிட்டேன்."

"நீங்க இல்லாட்டி நான் யாருகிட்டண்ணே போவேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவளே டிக்கட் எடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.