மரத்தடியில் சாம்பல் மந்தி

அப்படி ஒரேயடியா மனுசங்கதான்னு எழுதிப்புடாதீக ஐயா. நீங்க விசாரிக்க வந்த ஆபீசர், நான் இந்தப் பட்டாசுக் கம்பெனி போர்மேன் பெத்தணன். ஒங்களுக்குப் புத்தி சொல்ற தகுதி எனக்கில்ல. ஆனா ஒரு உயிரு இன்னதுன்னு தீர்ப்புச் சொல்ல முன்னாடி பொறுமை வேணும்ல?

செவ்வாக்கெழம வேப்பமரத்தடியில தீப்பிடிச்சது வாஸ்தவம். மரத்தடியில ஆள உக்கார வச்சு மருந்து அடைச்சா லைசென்ஸ் போயிரும், அதுவும் வாஸ்தவம். அதுக்கு மொத நாளு பஸ்சுல போன எவனோ எடுத்த இந்தப் போட்டோவுல, அங்கன என்னமோ கூடி உக்காந்திருக்கு. என்னதுங்கறதுதான கேள்வி?

அதுக்குத்தான் முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சி மதுரையில இருந்து இந்த சி.டி.ய வாங்கியாந்தாரு. காட்டு மிருகம் அம்புட்டும் இதுல இருக்கு. கம்ப்யூட்டரே கேள்வி கேக்கும், நாம பொய் சொல்லாமப் பதில் சொன்னாப் போதும். நெறம்? சாம்பல். தட்டுறேன். தனியா, கூட்டமா? கூட்டம். வண்டிச் சத்தம் கேட்டா? எந்திரிச்சு ஓடிரும். பாத்தீகளா, சாம்பல் மந்தி!

வாலா? உக்காந்தா அடியில மடிஞ்சுதான ஐயா இருக்கும்.

தூக்குவாளியா? ஏழாயிரம்பண்ணை மந்திக எதைத்தான் தூக்கல? வளையலும் களவாண்டதுதான். களவு பெரும்பாவம்னு அதுகளுக்கு யாரு எடுத்துச் சொல்ல?

மனுசன்னு தட்டிப் பாக்கவா? இதுல மனுசனுக்குப் படமே இல்லீங்க. நாம என்ன பதில் சொன்னாலும் ஏதாச்சும் ஒரு மிருகத்தைத்தான் காட்டும். அண்ணாச்சிக்கு அதான் ரொம்பப் புடிச்சுப்போச்சு.

சிரிக்காதீக ஐயா.

எது? ஓரத்துல இங்கிட்டுத் திரும்பிப் பாக்குதே, அதா? அலுமினியப் பவுடரை அப்பிக்கிட்டா எல்லா மொகமும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். அது பாண்டிச்செல்வி. எம் பொஞ்சாதி. மேலெல்லாம் வெந்து மதுரை ஆசுபத்திரியில வாழையிலையில கெடக்கா. மந்தின்னு நீங்க எழுதிட்டா வைத்தியம் பூராவும் தன் பொறுப்புன்னு அண்ணாச்சி சொல்லியிருக்காரு. மனுசின்னு எழுதினா, எங்க கம்பெனியில அப்படி யாருமே இல்லன்னுருவாராம்.

எழுதுங்க ஐயா. மந்தின்னே எழுதுங்க.