பேரம் பேசி வாங்கிய பை

"என் வேலைய நானே கேவலமாப் பேசி, நானே வெலையக் கொறச்சிருக்கேன் வே," என்றார் எனக்கு முன்னால் நின்றவர்.

தாராவியில் பஸ்ஸுக்கு நின்ற வரிசை அது. புதுப் பையொன்றை நெஞ்சோடு அணைத்திருந்தார். கூட்ட ரயிலில் எல்லோரும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறோம் என்பதால் எனக்கு அது உறுத்தவில்லை.

"புரியும்படியாச் சொல்லும்," என்றார் கூட வந்தவர்.

"ரயில்ல ஒருத்தன் இந்தப் பைய வித்தான். 'தையலு பேகார், ஒண்ணுத்துக்கும் ஆகாது, ஒரு வாரம் தாங்காது'ன்னு ஆரம்பிச்சேன். நானும் பை தைக்கவன்லா, என்ன கொற சொல்லணும்னு தெரியும். விக்ரோலி ஸ்டேஷன் வாரதுக்குள்ள வெலைய நல்லா எறக்கிட்டேன்."

"கெட்டிக்காரருதான்."

"வீட்டுல வந்து உள்பக்கத்தத் திருப்புனா, ஜிப்புக்குக் கீழ மஞ்ச நூலு. கறுப்பு நூலு தீந்த அன்னைக்கு நாந்தாம்வே அப்படித் தச்சேன்."

கூட வந்தவர் சிரித்து ஓய்வதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

"அப்ப தையல் பேகார்னு சொன்னது சும்மா வெலைக்காகத்தான?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இன்னிக்குக் காலையில வாரு ரெண்டும் பிஞ்சிட்டு. பின்ன எதுக்கு இதப் பச்சப்புள்ள மாதிரி தூக்கிட்டு நிக்கேங்கீரு?"