மாடியில் குடியிருக்கும் கம்பெனி

– கத்தாதே அக்கா! கடைக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க?

– எவன்டா வர்றான்? இந்த லாண்டரிக்கு வந்தவன் எல்லாம் எதிர்க்கடைக்குப் போயாச்சு. பாதி விலைக்கு வெளுத்துத் தர்றானாம். அந்தக் கடைப் பேர்ப்பலகை என் மாடி அறைக் கதவுல எப்படிடா வந்துச்சு? சிநேகிதன் சாமான் வைக்கணும்னுதானே சாவி வாங்கினே?

– புரிஞ்சுக்கோ அக்கா. அதுதான் அவங்க தலைமை அலுவலகம்.

– உள்ள ஒரு நாற்காலி கூட இல்லையேடா!

– நாற்காலி எதுக்கு? விலாசம் போதும். வெளியிலேருந்து வர்ற பெரிய கம்பெனி இந்த ஊர்ல தலைமை அலுவலகம் வெச்சா பத்து வருஷத்துக்கு வரி இல்ல. அவங்க கணக்கைப் பாக்கறவன் நான். யோசனை சொன்னதும் நான்தான்.

– ஏம்மா, நான் ஒட்டுக் கேக்கல, பக்கத்து வீடுதானே, ஜன்னல் திறந்திருந்துச்சு. எனக்கெதுக்கு வம்பு? ஆனா தம்பி, ஊர் ஊரா கடை வெச்சிருக்கற கம்பெனிக்கு வரியே கிடையாதா?

– நீங்க வேற! ஆறாயிரம் பேருக்கு வேலை குடுக்குதும்மா. வரியைப் போட்டு நசுக்கினா வேற நாட்டுக்குப் போயிடும். அப்புறம் அத்தனை பேருக்கும் அக்காவா சம்பளம் குடுப்பா?

– நான் ஒழுங்கா கட்டித் தொலைக்கிறேனே, நான் எந்த நாட்டுக்குடா ஓடறது?

– இதோ பாரு, போட்டி வந்தாதான் விலை குறையும். நீ ஒருத்தி இருந்தப்போ நீ சொன்னதுதான் விலை. கறை போகலைன்னு கேட்டா "துணி அப்படி"ன்னு அனுப்பிடுவே. யாராவது வாயைத் திறந்தாங்களா?

– அதென்னவோ நிஜம். எங்க வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை நீலமா வந்துச்சு. எனக்கெதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்.

– நீங்க சும்மா இருங்க! டேய், போட்டிக்கா நான் பயந்தேன்? நான் கட்டற வரியை அவனும் கட்டிட்டுப் பாதி விலைக்கு வெளுக்கட்டும். கடையைச் சாத்திட்டு நானே போய் அவன்கிட்ட வேலை கேக்கறேன். இங்க என்னடான்னா, என் தலைக்கு மேலயே உக்காந்துக்கிட்டு என் கழுத்தை நெரிக்கிறான். கதவைத் திறந்து விட்டது கூடப் பொறந்தவன்!

– பலகையைத் தொடாதே அக்கா! கழட்டினா கம்பெனியே இடம் மாறணும். என் வேலை போயிடும்!

– மாறட்டும். அதுக்கு லாரியா வேணும்? ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். நகருடா!

*

– என்னங்க, பக்கத்து லாண்டரி பூட்டிக் கிடக்கு? வெளுக்கப் போட்ட கோட்டு ஒண்ணு வாங்க வந்தேன்.

– விஷயமே தெரியாதா? எனக்கெதுக்கு வம்பு, ஆனா அந்தம்மா கம்பெனிப் பலகையைக் கழட்டித் தெருவுல வீசினாங்க. வீசி என்ன? எதிர்க்கடையில விலையை இன்னும் குறைச்சான். தாக்குப் பிடிக்க முடியாம, இடத்தை வித்துட்டு மூத்த மக ஊருக்கே போயிட்டாங்க. தம்பி வழியனுப்ப வந்து நின்னாரு, முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

– பாவம். அந்தத் தம்பிக்கும் வேலை போயிடுச்சா?

– அவருக்கென்ன! சம்பள உயர்வு வேற. போன மாசம் கல்யாணமும் ஆச்சு.

– பொண்ணு யாரு?

– என் சின்ன மகதான். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, கம்பெனி இப்ப எங்க மாடியிலதான் குடியிருக்கு.