கூட்டிச் சொன்ன ஒரு வயது

வக்கீலம்மா, பள்ளிக்கூடத்தில் வயதைக் கூட்டிச் சொல்வது எங்கள் பக்கம் வழக்கம்தான். பிள்ளையை எங்காவது விட்டால்தானே ஏரியில் இறங்க முடியும்? தீனாவுக்கு அப்போது நான்குதான். ஐந்து என்று சொல்லி ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். அவன் அப்பா போனபிறகு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துத்தான் வளர்த்தேன்.

பூவிழியும் என்னோடு இறால் பிடிக்க வருவாள். நல்ல பெண். தீனாவும் அவளும் விரும்பினார்கள். சான்றிதழில் பதினெட்டு என்றிருந்ததால் மீஞ்சூர் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தது.

அன்று காலை கரையில் சொன்னாள். "அத்தை, மீஞ்சூர்ல ரூம் பாத்தாச்சி. உன் புள்ளைய இட்டுனு போறேன்."

"இன்னாடி அவ்ளோ அவசரம்?"

"அழாத அத்தை. பொங்கலுக்கு அனுப்பி வெக்கிறேன்."

நானும் சிரித்தேன். இருவரும் ஏரியில் இறங்கினோம். அவள் குனிந்து துழாவும்போது பிடரியில் கை வைத்துத் தண்ணீருக்குள் அழுத்தினேன். கத்தவில்லை. பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கவ்வியிருந்தவள் எப்படிக் கத்துவாள்? என் கையில் நான்கு கீறல், அவ்வளவுதான்.

மாலை போலீஸ் வந்தது. முதல்நாள் தீனாவும் அவளும் படகுத்துறையில் சண்டை போட்டதை யாரோ சொல்லியிருந்தார்கள். தீனா என் கையைப் பார்த்தான். பிறகு, "நான்தான் சார். எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

நான் மறுக்கவில்லை. பதினேழு வயதுப் பிள்ளையை ஜெயிலில் போடமாட்டார்கள், மூன்று வருடம் இல்லத்தில் வைத்து அனுப்பிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே அவனை யாரும் கூட்டிக்கொண்டு போக முடியாது. நான் உள்ளே போனால் அவனுக்குச் சோறாக்க யார் இருக்கிறார்கள்?

வயதுக்கு ஆதாரம் கேட்டார்கள். சான்றிதழை நானே ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். வயதைக் கூட்டிச் சொன்னது அந்த அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை. அதன்படி அவனுக்குப் பதினெட்டு முடிந்து நான்கு மாதம். பெரியவர்களோடு அடைத்துவிட்டார்கள்.

இருபத்தொன்று வரை சிறுவராகக் கருத வேண்டும் என்று பேச்சு நடப்பதாகச் சொன்னீர்கள். நியாயம்தான். பதினெட்டு முடிந்த மறுநாளே எந்தப் பிள்ளை பெரியவனாகிறது? போலீஸ் கூட்டிப்போகும் வரை அவனுக்கு நான்தான் மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன்.

பூவிழியைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கோர்ட்டில் இப்போதே கொடுக்க வேண்டாம். அந்தச் சட்டம் வருகிறதா பார்ப்போம். வந்தால் இந்தத் தாள் தேவைப்படாது.

நான்கு முறை ஜெயிலில் மனு போட்டு அவனைப் பார்க்கப் போனேன். அவன் என்னைப் பார்க்க வரவில்லை. என்னைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயப்படுகிறான்.